தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே: முதல் வகுப்புப் பிள்ளையும் அதன் ஊரும்

(ஆசிரியர் பயிற்சி மாணவியர் நடுவே ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



தொடக்கக் கல்வியைப் பற்றி எதையாவது பேசுங்கள் என்றுதான் அழைப்பில் எழுதியிருந்தார்கள். தொடக்கக் கல்வி என்றாலே இப்போது எழுத்தும் எண்ணும்தான். 2022-இல் எண்ணும் எழுத்தும் இயக்கம் தொடங்கிய பிறகு அவ்விரண்டைப் பற்றியும் எல்லா மேடைகளிலும் பேசியாகிவிட்டது. நான் அவற்றுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் சூழ்நிலையியலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தமிழும் கணக்கும் முடிந்து, மணி மூன்றைத் தாண்டி, பிள்ளைகள் பையை மூடிக்கொண்டு வாசலைப் பார்க்கும் நேரத்தில் கைக்கு வருகிற பாடம் அது.

அந்தப் பாடத்தில் ஊர் வருகிறது. சுவரில் ஒரு படத்தாளாக வருகிறது. கட்டம் கட்டமாக மருத்துவர், காவலர், தபால்காரர், உழவர், தையல்காரர். மேலே ‘நமக்கு உதவுவோர்’ என்று தலைப்பு. குச்சியால் தொட்டால் பிள்ளைகள் சேர்ந்து பெயர் சொல்ல வேண்டும். கொஞ்சம் வசதியுள்ள பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறை வேன் பிடித்துத் தீயணைப்பு நிலையத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். தொப்பியைப் போட்டுப் பார்க்கலாம், சைரன் கேட்கலாம், திரும்பும்போது பிஸ்கட் பாக்கெட், வாசலில் குழுப்படம். மறுநாள் ‘தீயணைப்பு வீரர் என்ன செய்வார்?’ என்று கேட்டால் ‘தீயை அணைப்பார்’ என்று பதில் வரும். வேன் ஏறுவதற்கு முன்பே அந்தப் பிள்ளைக்கு இந்தப் பதில் தெரியும்.

என்னுடைய வாதம் ஒன்றுதான். ஊரில் இருக்கும் ஆட்களையும் இடங்களையும் ஆறு வயதுப் பிள்ளை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. அது பார்க்காதது, ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும், ஓர் ஆளின் வேலைக்கும் இன்னோர் ஆளின் வேலைக்கும் இடையே ஓடும் தொடர்பை. முதல் வகுப்பின் களப்பயணம் அந்தத் தொடர்பின் வழியே பிள்ளையை நடத்திச் செல்ல வேண்டும். இடத்தை மட்டும் காட்டிவிட்டு வந்தால் அதற்குச் சுற்றுலா என்று பெயர். சுற்றுலாவும் நல்லதுதான், பாடக்குறிப்பேட்டில் எழுதாமல் இருந்தால் போதும்.

1. பிள்ளைக்குத் தெரிந்த இரு முனைகள்

குஸ்தாவ் ஜஹோடா என்ற உளவியலாளர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பிள்ளைகளிடம் கடை எப்படி நடக்கிறது என்று கேட்டு, 1979-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கடைக்காரர் சரக்கை ஒரு விலைக்கு வாங்கி அதைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறார் என்ற செய்தி சிறு பிள்ளைகளுக்குப் பிடிபடவே இல்லை. அதற்கடுத்த ஆண்டு உளவியலாளர் ஹான்ஸ் ஃபர்த் இங்கிலாந்துப் பிள்ளைகளைப் பற்றி எழுதிய நூல் வந்தது. கடைக்காரர் திருப்பித் தரும் மீதிச் சில்லறைதான் வீட்டுக்குப் பணம் வரும் வழி என்று அதில் சில பிள்ளைகள் நம்பினார்கள். சிரிக்க வேண்டாம். பார்த்ததை வைத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் யோசித்திருக்கிறார்கள். அப்பா ஒரு தாளைக் கொடுத்தார், கடைக்காரர் பல தாள்களைக் கொடுத்தார். கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பணம் எங்கிருந்து வருகிறது? முன்பு ஏ.டி.எம்.மிலிருந்து வந்தது, இப்போது அம்மாவின் போனிலிருந்து வருகிறது. பால்? வீட்டில் மாடு கட்டியிருக்கும் பிள்ளைக்கு அது மாட்டின் மடியிலிருந்து வருவது தெரியும். காலையில் சங்கத்தில் ஊற்றிய அந்தப் பாலுக்கும் டவுனில் சித்தி வீட்டில் கத்தரித்த ஆவின் நீலப் பாக்கெட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது தெரியாது. டவுன் பிள்ளைக்குப் பாக்கெட் தெரியும், சங்கம் தெரியாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவழி இருவருக்கும் இருட்டு.

இங்கே ஒரு மறுப்பைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் கல்வி வரலாற்றாசிரியர் டயான் ரேவிச் 1987-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், வீடு, பள்ளி, அக்கம்பக்கம் என்று பிள்ளைக்குத் தெரிந்ததையே முதல் மூன்று வகுப்புகளிலும் சொல்லித் தருவதைக் கடுமையாகச் சாடினார். அதனால் வரலாறும் வீரர் கதையும் தொன்மமும் தொடக்கப் பள்ளியைவிட்டே போய்விட்டன என்பது அவர் குறை. கல்வியியலாளர் கீரன் ஈகன் இன்னொரு பக்கமிருந்து வந்தார். சூனியக்காரியையும் அரக்கனையும் மனத்தில் கட்டி எழுப்பும் பிள்ளை தெருமுனையிலிருந்துதான் படிப்பைத் தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டார்.

படத்தாள் பாடத்தை எதிர்த்து இவர்கள் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. தபால்காரர் தபால் கொடுப்பார் என்று ஒரு பாடவேளை முழுக்கச் சொல்வது பிள்ளையின் அறிவுக்கே அவமரியாதை. ஆனால், போட்ட கடிதம் பெட்டியிலிருந்து எங்கே போகிறது, யார் அதைப் பிரிக்கிறார்கள், 1972-இல் வந்த அந்த ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணில் நம் பக்கத்துக்கு எல்லாம் ஏன் முதல் எண் 6 என்று வருகிறது? பாட்டிக்குத் தெரியாது. பல ஆசிரியர்களுக்கும் தெரியாது. அருகில் இருப்பதாலேயே ஒன்று தெரிந்ததாகிவிடாது.

2. ஹட்சன் ஆற்றங்கரை வகுப்புகள்

தொடர்பின் வழியே பிள்ளையை நடத்த வேண்டும் என்ற கருத்தைத் தெளிவாகப் பிடித்தவர்கள் நியூயார்க்கில் இருந்த இரண்டு பெண்கள். ஒருவர் கரோலின் பிராட். 1914-இல் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ‘விளையாட்டுப் பள்ளி’ என்று தொடங்கினார். அதுவே பின்னால் சிட்டி அண்ட் கன்ட்ரி ஸ்கூல் ஆனது. மற்றவர் லூசி ஸ்ப்ரேக் மிட்செல் (1878–1967). கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பெண்களுக்கான முதல் டீனாக இருந்தவர், 1916-இல் நியூயார்க்கில் ஒரு கல்விச் சோதனைப் பணியகத்தை உருவாக்கினார். இன்றைய பேங்க் ஸ்ட்ரீட் கல்வியியல் கல்லூரியின் வேர் அதுதான்.

பிராட்டின் பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஹட்சன் ஆறு. படகுத் துறைகள், சரக்குத் தோணிகள், பெரிய கப்பலை இழுத்துப் போகும் சின்ன இழுவைப் படகுகள். பிள்ளைகளைத் துறைக்கு அழைத்துப் போவார்கள். இன்ன படகின் பெயர் இது என்று ஆசிரியை விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். சின்னது ஏன் பெரியதை இழுக்கிறது, இந்த மூட்டை எங்கே இறங்கும், இறங்கிய பிறகு யார் எடுத்துப்போவார்கள் என்று பிள்ளை கேட்கும் கேள்வியைக் குறித்துக்கொள்வார். விடை இருக்கும் இடத்துக்கு அடுத்த நடை. திரும்பி வந்ததும் வகுப்புத் தரையில் மரக்கட்டைகளால் துறையைக் கட்டுவார்கள். கட்டைகளைப் பிராட்டே வடிவமைத்தார். சாயம் பூசாத வெறும் மரம். ஒன்றின் பாதி, ஒன்றின் இருமடங்கு என்று அளவு பொருந்தும்படி அறுத்தது. நம் அங்கன்வாடிகளில் இன்று கிடக்கும் கட்டைகளின் மூதாதை அவை.

மிட்செல் 1921-இல் வெளியிட்ட கதை நூல் அன்று பெரிய சண்டையைக் கிளப்பியது. ரயிலும் தெருவும் வண்டிச் சத்தமும் கதைக்கு உரிய பொருளா, தேவதைக் கதைகளை என்ன செய்வது என்று நியூயார்க் நூலகத்தின் குழந்தை நூல் பிரிவை ஆண்ட ஆன் கரோல் மூர் போன்றவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்த நூலைவிட 1934-இல் அவர் எழுதிய ‘இளம் புவியியலாளர்கள்’ முக்கியம். ஆசிரியர் பிள்ளைகளுக்கு முன்னால் தாமே அந்தச் சுற்றுப்புறத்தை ஆராய்ந்திருக்க வேண்டும். அங்கே பொருள்களை அடுக்கிக் காட்டாமல், பொருள்களுக்கு இடையேயான உறவைப் பிள்ளை தானே கண்டுபிடிக்க வழி செய்ய வேண்டும் என்பது அந்தச் சிறு நூலின் சாரம். ரேவிச்சின் குற்றச்சாட்டுக்கு அரை நூற்றாண்டு முன்பே எழுதிய பதில் என்று அதை நான் படிக்கிறேன்.

3. தண்ணீர் வந்த வழி

ஹட்சன் ஆற்றை விட்டுத் தாமிரபரணிக்கு வருவோம். ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் நான் உடன் நடந்த ஒரு நடையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இன்று சொல்ல வந்ததில் பெரும்பகுதி அதற்குள் இருக்கிறது.

கேள்வி, பள்ளிக் குழாயடியில் தொடங்கியது. சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது தண்ணீர் நின்றுவிட்டது. ‘தண்ணி எங்க போச்சு டீச்சர்?’ ஆசிரியை விடை சொல்லவில்லை. ‘எங்கேயிருந்து வந்துச்சுன்னு பாத்தா எங்க போச்சுன்னு தெரியும்லா’ என்றார். மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்குள் கிளம்பினோம். பள்ளி மேலாண்மைக் குழுவைச் சேர்ந்த இரண்டு தாய்மார்கள் கூட வந்தார்கள். வரிசை, விசில், கையைக் கட்டு என்பதெல்லாம் இல்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும், அது மண்ணுக்குள் மறைந்தால் மறுபடி எங்கே தலைகாட்டுகிறது என்று தேட வேண்டும். ஒரு வீட்டுத் திண்ணைக்கு அடியில், பிறகு பலசரக்குக் கடை ஓரத்தில், பிறகு ஒரு சிமெண்ட் பெட்டிக்குள். பெட்டியின் மூடியைத் திறந்தால் வால்வு. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த அந்தத் தாய்மார்களும் முதல் முறையாகப் பார்த்தார்கள்.

அங்கிருந்து மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி. தொட்டியின் சுவரில் எத்தனை லிட்டர் கொள்ளும், எந்த ஆண்டு கட்டியது என்று பெயிண்டில் எழுதியிருந்தார்கள். எண்ணும் எழுத்தும் இயக்கத்தார் கவனிக்க வேண்டும்: ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள் அந்த நீண்ட எண்ணில் எத்தனை பூஜ்ஜியம் என்று வாய்விட்டு எண்ணினார்கள். யாரும் எண்ணச் சொல்லவில்லை.

‘தொட்டியை எதுக்கு இவ்வளவு உசரத்துல வெச்சிருக்காங்க?’

‘காக்கா குடிச்சிரக் கூடாதுல்லா, அதான்.’

‘யாரும் திருடிட்டுப் போயிருவாங்க.’

‘தூரத்து ஊருக்குத் தெரியணும்லா.’

மூன்றும் விடைகள்தான். ஆசிரியை எதையும் திருத்தவில்லை. தொட்டி ஆபரேட்டர் வந்தார். ‘அண்ணாச்சி, நீங்க காலையில என்னென்ன செய்வீங்கன்னு பிள்ளைகளுக்குக் காட்டுங்க’ என்று மட்டும் ஆசிரியை கேட்டார். ஆபரேட்டர் மோட்டார் அறையைத் திறந்தார், சுவிட்சைப் போட்டார், பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பிளீச்சிங் பவுடர் கரைக்கும் வாளியைக் காட்டினார். எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும், எது முதலில், எது அப்புறம் என்று கையை நீட்டிச் சொன்னார். அப்போதுதான் ஒரு சிறுமி கேட்டாள்: ‘மாமா, நீங்க ஊருக்குப் போயிட்டா எங்களுக்குத் தண்ணி வராதா?’

‘என் மச்சினன வரச் சொல்லிட்டுத்தாம்மா போவேன்.’

‘அந்த மாமாவும் போயிட்டா?’

அவர் கொஞ்சம் யோசித்து, பஞ்சாயத்தில் சொல்வேன், அவர்கள் யாரையாவது அனுப்புவார்கள் என்றார். ஒரு குழாயிலிருந்து தொடங்கிய பிள்ளை பஞ்சாயத்து அலுவலகம் வரை வந்துவிட்டாள். ‘நமது ஊராட்சி’ என்ற பாடம் மேல் வகுப்பில்தான் வரும். அது வரும்போது இவளுக்கு அந்தச் சொல்லின் பின்னால் ஒரு மோட்டார் அறையும் ஒரு மச்சினனும் இருப்பார்கள்.

தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து என்று அடுத்த நடை. ஆற்று மணலில் இறக்கிய உறைகிணறு வரைக்கும் போகலாம். கூட்டுக் குடிநீர்த் திட்டத்து ஊராக இருந்தால் குழாய் இன்னும் எவ்வளவோ தூரம் போகும். அத்தனையும் ஆறு வயதில் வேண்டாம். அந்தப் பள்ளியில் உறைகிணறோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து என்று ஒருவன் கேட்டதற்கு இன்னொருவன் மேற்கே மலையைக் காட்டினான். அதற்குமேல் போகத் தேவையிருக்கவில்லை.

ஒரே நாளில் இவ்வளவையும் காட்ட முயன்றிருந்தால் எதுவும் நின்றிருக்காது. குட்டிக் குட்டி நடைகள், ஒரு நடைக்கு ஒரு கேள்வி, அதே இடத்துக்கே திரும்பப் போவதற்குத் தயங்காமை. இதற்கு எந்த நிதியும் ஒதுக்கத் தேவையில்லை.

4. சுற்றுச்சுவருக்குள்ளேயே ஒரு களம்

சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது, அனுமதி வாங்க வேண்டும், ஈராசிரியர் பள்ளியில் மற்ற வகுப்பை யார் பார்ப்பது என்று தலைமையாசிரியர்கள் சொல்வது சாக்கு என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்காக ஓர் இடம் சொல்கிறேன்: சத்துணவுக் கூடம்.

1956-இல் காமராசர் தொடங்கியதும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். விரித்ததும், 2022 செப்டம்பரில் காலை உணவாக நீண்டதும் ஆன இந்த ஏற்பாட்டின் சமையல் கூடத்துக்குள் பல பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. பார்த்தால், அரிசிச் சாக்கில் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் பெயர் இருக்கும். சாக்கு எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்று சமையலர் அக்கா சொல்வார். முட்டை பெரும்பாலும் நாமக்கல் பக்கத்திலிருந்து வரும். அவ்வளவு தூரத்திலிருந்து உடையாமல் எப்படி வந்தது என்று அட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த தொடர்பு இன்னொன்று. இன்று எத்தனை முட்டை வேகவைப்பது என்று அந்த அக்காவுக்கு யார் சொன்னார்கள்? காலையில் வருகைப் பதிவேட்டை எடுத்தபோது வந்த எண்ணிக்கை. ‘உள்ளேன் டீச்சர்’ என்று தான் சொன்னதுதான் உலையில் விழும் அரிசியின் அளவாகிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரியவரும்போது, ஊரின் தொடர்புகளில் தானும் ஒரு கண்ணி என்று முதன்முதலாகக் காண்கிறது.

5. திரும்பி வந்த பிறகு

நடை முடிவதோடு பாடம் பாதிதான் முடிகிறது. பிராட்டின் பள்ளியில் மரக்கட்டை செய்த வேலையை நம் பள்ளியில் மணலும் தீப்பெட்டியும் செங்கல் துண்டும் செய்யும். நான் சொன்ன பள்ளியில் வேப்ப மரத்தடி மணலில் ஊரைக் கட்டினார்கள். தேங்காய்ச் சிரட்டை தொட்டியானது, பப்பாளித் தண்டு குழாயானது. வீடுகளை மேட்டிலும் சிரட்டையைப் பள்ளத்திலும் வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். வீட்டுக்குப் போகவில்லை. சண்டை. சிரட்டையைத் தூக்கி மூன்று செங்கல் மேல் வைத்தான் ஒருவன். காக்கா குடிக்காமல் இருக்க என்று முதல் நாள் சொன்னவன்தான் அவன். அவனுடைய பழைய விடையை யாரும் நினைவூட்டவில்லை. நினைவூட்டத் தேவையும் இல்லை.

பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே வேறொரு வழியில் இதைச் செய்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டுத் திரும்பியவர், நெடுநேரம் உரக்கப் பேச முடியாது. 1920-இல் தென்கிழக்கே பார்-சுர்-லூப் என்ற கிராமத்தில் சிறு பிள்ளைகளின் வகுப்பை ஏற்றார். பேச முடியாத ஆசிரியர் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனார்: தச்சர், நெசவாளர், தோட்டம், ஆற்றங்கரை. திரும்பி வந்ததும் கண்டதைப் பிள்ளைகள் சொல்ல, சொன்னது கரும்பலகையில் வாக்கியமாகும். 1924-இல் ஒரு சின்ன அச்சு இயந்திரம் வாங்கினார். பிள்ளைகளே எழுத்துக் கோத்து அந்த வாக்கியங்களை அச்சிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து, நாட்டின் மறுமுனையில் பிரித்தானிக் கடற்கரைப் பள்ளி ஒன்றில் ரெனே தானியேல் என்ற ஆசிரியரும் சேர்ந்துகொண்டார். மலையடிவாரப் பிள்ளைகளின் தாள்கள் கடற்கரைக்கும், கடற்கரைப் பிள்ளைகளின் தாள்கள் மலையடிவாரத்துக்கும் தபாலில் போயின.

ஈகனுக்கு நான் சொல்ல நினைக்கும் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பிள்ளைக்குத் தூரம் வேண்டும் என்பது உண்மை. அந்தத் தூரத்தில் தன்னைப் போலவே ஒரு பிள்ளை இருந்து, நம் ஊரில் இது எப்படி என்று கேட்டால், அருகில் உள்ளதும் சொல்லத் தக்கதாகிவிடும். வேதாரண்யத்தில் உப்பளத்தை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. கோத்தகிரியில் தேயிலையும் அப்படித்தான். இரண்டு ஊர் ஒன்றாம் வகுப்புகளும் ஐம்பது காசு அஞ்சலட்டையில் படம் வரைந்து ஒருவருக்கொருவர் அனுப்பட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அனுப்பலாம். ஆனால் அட்டை போய்ச் சேர நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளும் ‘இப்ப எங்க போயிருக்கும்?’ என்று வகுப்பில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தபால் பாடம் அதுவாகவே நடந்துவிடும்.

6. எந்தத் தெருவில் நடப்பது

நியூயார்க்கிலும் பிரான்சிலும் எழாத ஒரு கேள்வி நமக்கு எழுகிறது. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளையை ஊரின் தொழிலைப் பார்க்க அனுப்புவது என்றாலே ஒரு பழைய காயத்தின்மீது கைபடும். 1953-இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. பள்ளி நேரம் மூன்று மணியாகச் சுருங்கியது. மிச்ச நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு இருந்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராசர் வந்ததும் திட்டம் போனது. பள்ளியைவிட்டு வெளியே போய்த் தொழிலைப் பார் என்று சொல்லும் எந்தத் திட்டத்தையும் நம் தாத்தாக்கள் ஐயத்தோடு பார்த்ததற்கு இதுதான் காரணம். அந்த ஐயம் நியாயமானது. அதை மறந்துவிட்டு, வெளிநாட்டு நூலைப் படித்த உற்சாகத்தில் நாம் தெருவில் இறங்கக் கூடாது.

வேறுபாடு எங்கே இருக்கிறது? 1953-இன் திட்டம் பிள்ளையைத் தன் அப்பாவின் வேலையிடம் அனுப்பியது. நான் சொல்லும் நடை எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து, மற்ற எல்லோருடைய வேலையிடமும் அழைத்துப் போகிறது, ஒரு மணி நேரத்தில் திரும்ப வகுப்புக்கே கொண்டுவருகிறது. அங்கே பிள்ளையைத் தொழில் எடுத்துக்கொண்டது. இங்கே தொழிலைப் பிள்ளை எடுத்துக்கொண்டு திரும்புகிறது.

இருந்தாலும் கால் வைக்கும்போது கவனம் வேண்டும். ‘முருகன் அப்பா செருப்புத் தைக்கிறார், வாருங்கள் பார்க்கலாம்’ என்று ஒரு நல்ல ஆசிரியர் நல்ல எண்ணத்தோடு கூட்டிப்போனால், மறுநாளிலிருந்து அந்தப் பையனுக்கு வகுப்பில் வேறு பெயர் வந்துவிடும். பிள்ளையின் வீட்டைக் காட்சிக்கு வைக்கக் கூடாது. போவதென்றால் முன்கூட்டியே அந்த வீட்டாரிடம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் அத்தோடு விட வேண்டும், ஏன் என்று கேட்கவும் கூடாது.

தூய்மைப் பணியாளர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நகராட்சியின் நுண் உரக்கூடம் முதல் வகுப்புக்கு அருமையான களம். வீட்டில் பச்சைக் கூடையில் போட்ட வெங்காயத் தோல் மண்ணாகி வருவதைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வரும் வகுப்பு, போகாமல் இருந்ததைவிட மோசமானதைக் கற்றுக்கொண்டு வரும். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை அதற்கு ஒரு வழி கண்டார். உரக்கூடத்துக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் வகுப்பின் குப்பையைப் பிள்ளைகளே பிரித்தார்கள். எது மக்கும், எது மக்காது என்று தடுமாறினார்கள். பேனா மூடி எதில்? சாக்லேட் தாளின் உள்ளே வெள்ளி, வெளியே காகிதம், எதில்? உரக்கூடத்தில் அந்தப் பெண்மணி கண்ணிமைக்கும் நேரத்தில் பிரித்துப் போட்டபோது பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். நாற்றத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தங்களால் முடியாததை ஒருவர் செய்வதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

ஊர் தன்னையே காட்டிக்கொடுக்கும் நேரமும் வரும். தண்ணீர் நடையில் ஒரு பையன், ‘எங்க தெருவுக்குக் கடைசியிலதான் தொறப்பாங்க, அதுக்குள்ள நின்னுரும்’ என்றான். அந்தத் தெரு எது என்று இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆசிரியை என்ன செய்வது? சமாதானம் சொல்லி மழுப்பினால் பிள்ளை கண்டதைப் பொய்யாக்குகிறோம். ஆறு வயதுக்காரர்களிடம் சாதி வரலாறு சொல்லவும் அது நேரமில்லை. ‘ஏன் கடைசியில?’ என்று அவர் ஆபரேட்டரிடம் கேட்டார். வரிசை அப்படித்தான் இருக்கிறது, நான் வருவதற்கு முன்னாலிருந்தே என்றார் அவர். ‘மாத்திப் போடலாமா?’ என்று கேட்டது ஒரு பிள்ளை. நடந்தது அவ்வளவுதான். வரிசை மாறியதா என்று நான் விசாரிக்கவில்லை. வரிசை என்பது யாரோ வைத்தது, மாற்றக்கூடியது என்று ஆறு வயதில் ஒரு வகுப்பு காதால் கேட்டது எனக்குப் போதுமானதாக இருந்தது.

7. பயிற்சி மாணவியருக்கு

மிட்செல் 1930-களில் தம் பயிற்சி ஆசிரியர்களைப் பேருந்தில் ஏற்றி மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கப் பகுதிகளுக்கு அழைத்துப் போனார். பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று சொல்லிக்கொடுக்க அல்ல, நியூயார்க்கில் தங்கள் அறையைச் சூடாக்கும் கரி எங்கிருந்து, யார் கையால் வருகிறது என்று ஆசிரியர்களே பார்ப்பதற்காக. ஆசிரியருக்கே இருட்டாக இருக்கும் நடுவழியில் பிள்ளையை எப்படி நடத்துவது?

நம் பயிற்சி நிறுவனங்களில் கற்பித்தல் துணைக்கருவி என்று தெர்மோகோலில் தபால் நிலையம் செய்து வரச் சொல்கிறோம். ஒரு மாணவி கடைக்குப் போய், கண்ணாடித் தாளும் வண்ண அட்டையும் வாங்கி, இரவெல்லாம் விழித்து ஒட்டி எடுத்து வருகிறாள். நிஜத் தபால் நிலையம் அவள் விடுதிக்கு அடுத்த தெருவில் இருக்கும்.

அதற்குப் பதிலாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்குப் போகிறீர்களோ, முதல் வாரம் பாடக்குறிப்பு எழுத வேண்டாம். அந்தப் பள்ளியைச் சுற்றி அரைக் கிலோமீட்டரில் தண்ணீர், பால், அரிசி, குப்பை, கடிதம் இந்த ஐந்தில் ஏதாவது ஒன்றின் வழியைக் கால்நடையாகத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். யார் யாரைச் சந்தித்தீர்கள், ஒருவர் விடுப்பு எடுத்தால் அவர் வேலையை யார் பார்க்கிறார்கள், எந்தத் தெரு வரிசையில் கடைசி, எந்த இடத்தில் ஆறு வயதுப் பிள்ளையை நிறுத்தக் கூடாது, நிழல் எங்கே, கழிப்பறை எங்கே என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பிள்ளைகளோடு பிறகு நடக்கும்போது அந்த நோட்டு பைக்குள்ளேயே இருக்கட்டும். தெர்மோகோலுக்கு ஒதுக்கியிருக்கும் செய்முறை மதிப்பெண்களை அதற்கு மாற்ற முடியுமா என்பதை மேடையில் அமர்ந்திருக்கும் முதல்வர்தான் சொல்ல வேண்டும்.